தள்ளிப்போடும் பழக்கம்: கல்லாவுக்குத் தெரியாமல் போகும் நஷ்டம்

வணிகப் பெருமக்களுக்கு வட்டிக் கணக்கைப் பற்றி யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கடனுக்கு வாங்கிய சரக்குக்கு என்றைக்குப் பணம் கட்ட வேண்டும், ஒரு வாரம் தாமதித்தால் எவ்வளவு கூடும் என்பது நமக்கு மனப்பாடம். ஆனால் 'நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்' என்று ஒதுக்கிவைத்த வேலைக்கும் வட்டி உண்டு. அந்த வட்டி எந்தப் பேரேட்டிலும் பற்று எழுதப்படுவதில்லை. அதனாலேயே அது ஏறிக்கொண்டே போவது நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. அந்த வட்டி எப்படி ஏறுகிறது, அதை நிறுத்துவது எப்படி என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

சோம்பல் வேறு, தள்ளிப்போடுதல் வேறு

காலை ஆறு மணிக்குக் கடை திறந்து இரவு பத்து மணிக்குக் கதவை இறக்குகிற மளிகைக் கடைக்காரரைச் சோம்பேறி என்று யாரும் சொல்ல முடியாது. நாள் முழுவதும் நின்று எடை போடுகிறார், மூட்டை இறக்குகிறார், சில்லறை எண்ணுகிறார். ஆயினும் அவரிடமும் ஆறு மாதமாக நிலுவையில் கிடக்கும் வேலைகள் நாலைந்து இருக்கும்.

திருவள்ளுவரும் மடியின்மை அதிகாரத்தில் கெட்டுப்போகிறவர்கள் விரும்பி ஏறும் மரக்கலங்கள் எனக் காலம் தாழ்த்துதல், மறதி, சோம்பல், தூக்கம் என நான்கைச் சொல்கிறார். காலம் தாழ்த்துதலையும் சோம்பலையும் தனித்தனியாகவே எண்ணுகிறார் என்பது கவனிக்கத்தக்கது. சுறுசுறுப்பானவரிடமும் காலம் தாழ்த்தும் பழக்கம் இருக்கலாம்.

நம் தொழிலில் இதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. எதிரே ஆள் நிற்கிற வேலையெல்லாம் நடந்துவிடுகிறது. வாடிக்கையாளர் நிற்கிறார், எடை போடுகிறோம். லாரி வந்து நிற்கிறது, இறக்குகிறோம். கமிஷன் மண்டிக்காரர் பணத்துக்கு வந்து நிற்கிறார், கொடுக்கிறோம். எதிரே யாரும் நிற்காத வேலைதான் தள்ளிப்போகிறது. பழைய பாக்கியை எழுதிப் பார்ப்பது, இருப்புக் கணக்கு எடுப்பது, வரிக் கணக்குக்கு பில்களை அடுக்குவது, நம் உடம்பைச் சோதித்துக்கொள்வது ஆகியவற்றைச் செய்யச் சொல்லி வாசலில் யாரும் குரல் கொடுப்பதில்லை. இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டால், பின்னால் சொல்லப்போகும் வழிகள் எளிதில் விளங்கும்.

தாமதத்துக்கு நாம் கொடுக்கும் விலை

1. கடன் பாக்கி. 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டப்படி, தவணை குறிப்பிடாமல் கடனுக்குக் கொடுத்த சரக்கின் விலைக்குச் சரக்குக் கொடுத்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். தவணை பேசியிருந்தால் அந்தத் தவணை முடிந்த நாளிலிருந்து 3 ஆண்டு. அந்தக் கெடு தாண்டினால் கணக்கு நோட்டு நம் கையில் இருந்தும் நீதிமன்றத்தில் கேட்க வழியில்லாமல் போகிறது. கெடு முடிவதற்கு முன்பே கடன்காரர் 'இவ்வளவு பாக்கி உண்டு' என்று எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டாலோ, ஒரு பகுதியைச் செலுத்தி அதைத் தம் கையெழுத்தோடு குறித்துக்கொடுத்தாலோ அன்றிலிருந்து புதிதாக 3 ஆண்டு கிடைக்கும். ஒரு கையெழுத்துக்கு அவ்வளவு மதிப்பு. அதை வாங்காமல் 'அடுத்த தடவை வரும்போது கேட்கலாம்' என்று விட்டுவிடுவதால்தான் பல கடைகளில் பழைய பாக்கி வெறும் மையாக நிற்கிறது.

2. ஜி.எஸ்.டி. கணக்கு. மாதந்தோறும் ஜி.எஸ்.டி.ஆர்.-3பி தாக்கல் செய்கிறவர் வரி கட்ட வேண்டிய மாதத்தில் தாமதித்தால் நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம். ஆண்டு விற்றுமுதல் ஒன்றரைக் கோடி வரை உள்ளவருக்கு ஒரு கணக்குக்கு அதிகபட்சம் 2,000 ரூபாய் என்று 2021 ஜூன் மாதக் கணக்கிலிருந்து வரம்பு உண்டு. கட்டாத வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி தனி. ஒவ்வொரு மாதமும் பத்து நாள் தாமதம் என்றால் மாதம் 500, ஆண்டுக்கு 6,000 ரூபாய். நூற்றுக்கு 6 ரூபாய் நிற்கிற வியாபாரத்தில் அந்த 6,000 ரூபாயைச் சம்பாதிக்க ஒரு லட்ச ரூபாய்க்குச் சரக்கு விற்க வேண்டும்.

3. கொள்முதல் வரி வரவு. கொள்முதலில் நாம் கட்டிய வரியை வரவு வைத்துக்கொள்ளவும் கெடு உண்டு. ஒரு நிதியாண்டின் பில்லுக்கு அடுத்து வரும் நவம்பர் 30, அல்லது அந்த ஆண்டின் ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்த நாள், இரண்டில் எது முந்தியதோ அதுதான் கடைசி. டிராயரில் மடிந்து கிடக்கும் பில், டிசம்பரில் வெறும் காகிதம்.

4. காம்போசிஷன் திட்டம். ஏற்கெனவே சாதாரண முறையில் வரி கட்டுகிறவர் அடுத்த ஆண்டு காம்போசிஷன் திட்டத்துக்கு மாற விரும்பினால், அந்த நிதியாண்டு பிறப்பதற்கு முன், அதாவது மார்ச் 31-க்குள், விருப்பம் தெரிவிக்க வேண்டும். அந்த ஒரு நாளைத் தவற விட்டால் அடுத்த வாய்ப்புக்கு ஓராண்டு காத்திருக்க வேண்டும்.

5. தராசு முத்திரை. 2011ஆம் ஆண்டு எடையளவு விதிகளின்படி எடைக்கற்களுக்கு 24 மாதத்துக்கு ஒரு முறையும், மின்னணுத் தராசுக்கு 12 மாதத்துக்கு ஒரு முறையும் மறுமுத்திரை வைக்க வேண்டும். நம் தராசு சரியாகவே இருக்கலாம். முத்திரைக் கெடு முடிந்திருந்தால் சோதனைக்கு வருகிறவரிடம் அந்த வாதம் எடுபடாது. வாடிக்கையாளர் நடுவில் ஏற்படும் தலைகுனிவு அபராதத்தைவிடப் பெரிது.

மேலே சொன்ன ஐந்திலும் ஓர் ஒற்றுமை உண்டு. வேலை ஒவ்வொன்றும் சிறியது. கெடு தாண்டிய பிறகுதான் அது பெரிதாகிறது.

ஏன் தள்ளிப்போடுகிறோம்?

முதல் காரணம், மனச்சங்கடம். பாக்கிக்காரர் பெரும்பாலும் பக்கத்துத் தெருக்காரர், அல்லது உறவினர். 'கேட்டால் முகம் கோணுமோ, வேறு கடைக்குப் போய்விடுவாரோ' என்ற தயக்கம். கேட்காமல் விட்ட அந்த நிமிடம் மனம் இலேசாகிறது. அந்த நிம்மதிதான் இந்தப் பழக்கத்துக்குக் கூலி. வேலையைத் தள்ளிப்போடுவதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் அந்தச் சங்கடத்தைத்தான் தள்ளிப்போடுகிறோம். நாளைக்கும் அது அங்கேயே நிற்கும், பாக்கித் தொகை மட்டும் கூடியிருக்கும்.

இரண்டாவது காரணம், கையில் இருப்பதே பெரிதாகத் தெரிவது. மேற்குக் கென்யாவில் மக்காச்சோளம் பயிரிடும் சிறு விவசாயிகளைப் பற்றி எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரேமர், ஜோனதன் ராபின்சன் ஆகிய பொருளாதார அறிஞர்கள் 2011-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். உரம் போட்டால் லாபம் என்று அந்த விவசாயிகளுக்குத் தெரியும், வாங்கவும் எண்ணியிருந்தார்கள். ஆனால் அறுவடைப் பணம் கையில் இருக்கும்போது 'பிறகு வாங்கலாம்' என்று விடுவார்கள். உரம் வாங்கும் பருவம் வரும்போது பணம் கரைந்திருக்கும். அறுவடை முடிந்த கையோடு, பணம் இருக்கும் நேரத்தில், 'இப்போதே முன்பணம் கட்டினால் வீட்டுக்கே இலவசமாகக் கொண்டுவந்து தருகிறோம்' என்று கெடு வைத்துச் சொன்னபோது உரம் வாங்குகிறவர்கள் கணிசமாகக் கூடினார்கள். அவர்களுக்குப் புத்திமதி தேவைப்படவில்லை. சரியான நேரத்தில் ஒரு சிறு தூண்டுதல் போதுமாயிருந்தது. பொங்கல், தீபாவளி வியாபாரத்தில் வந்த பணத்தை உடனே ஒதுக்காமல், தை, கார்த்திகை முடிவதற்குள் 'பணம் எங்கே போனது' என்று தேடுகிற நமக்கும் இது பொருந்தும்.

மூன்றாவது காரணம், வேலைக்கு உருவம் இல்லாதது. 'கணக்கை ஒழுங்குபடுத்த வேண்டும்' என்பது ஓர் ஆசைதான், இன்னும் வேலையாகவில்லை. எங்கே தொடங்குவது, எங்கே முடிப்பது என்று தெரியாத எதையும் மனம் தொடாது.

வழிகள் ஐந்து

ஒன்று: வேலையை எடை போட்டுப் பிரியுங்கள். மூட்டைச் சர்க்கரையை அப்படியே யாரும் விற்பதில்லை, கிலோ கிலோவாகக் கட்டி வைக்கிறோம். வேலையும் அப்படித்தான். 'இருப்பு எடுக்க வேண்டும்' என்று எழுதாமல், 'திங்கள்: பருப்பு வரிசை, செவ்வாய்: எண்ணெய், நெய், புதன்: சோப்பு, பற்பசை' என்று எழுதினால், தினம் அரைமணி நேரத்தில் ஒரு வாரத்துக்குள் முடியும். முதல் கட்டு எவ்வளவு சிறியதோ அவ்வளவு நல்லது.

இரண்டு: நேரமும் இடமும் குறியுங்கள். ஜெர்மானிய உளவியல் அறிஞர் பீட்டர் கோல்விட்சர், வெரோனிகா பிராண்ட்ஸ்டேட்டர் என்பவருடன் சேர்ந்து 1997-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதை நன்றாக விளக்குகிறது. கிறிஸ்துமஸ் மாலையை எப்படிக் கழித்தோம் என்று இரண்டு நாளைக்குள் எழுதி அனுப்பும்படி மாணவர்களிடம் சொன்னார்கள். ஒரு பிரிவினர் மட்டும் எந்த நேரத்தில், எந்த இடத்தில் உட்கார்ந்து எழுதுவோம் என்பதை முன்கூட்டியே குறித்துக்கொண்டார்கள். குறித்துக்கொண்டவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கினர் குறித்த காலத்தில் முடித்தார்கள். குறிக்காதவர்களில் முடித்தவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினரே. ஆசை இரு பிரிவினருக்கும் ஒன்றுதான்.

நமக்கு இது இன்னும் எளிது. கடையில் தினமும் தவறாமல் நடக்கும் காரியங்கள் உண்டு. சாமி படத்துக்கு விளக்கேற்றுவது, பகலில் கூட்டம் ஓய்ந்து தேநீர் குடிப்பது, இரவு கல்லா எண்ணுவது. புது வேலையை அதில் ஒன்றோடு முடிந்துவிடுங்கள். 'பகல் மூன்று மணித் தேநீர் குடித்து முடித்ததும், இரண்டு பாக்கிக்காரர்களுக்குப் போன் செய்வேன்' என்று எழுதினால் நேரமும் இடமும் அதிலேயே அடங்கிவிடும்.

மூன்று: குறுகிய கெடு வையுங்கள். கிடைக்கிற நேரம் முழுவதையும் அடைத்துக்கொள்ளும் அளவுக்கு வேலை நீளும் என்று ஆங்கிலேய எழுத்தாளர் நார்த்கோட் பார்க்கின்சன் 1955-ல் வேடிக்கையாக எழுதியது இன்றும் அவர் பெயராலேயே ஒரு விதியாக வழங்குகிறது. வரிக் கணக்குக்குக் கடைசி நாள் 20 என்றால், பில்களைக் கணக்காளரிடம் கொடுக்கும் நாள் 5 என்று நாமே வைத்துக்கொள்ள வேண்டும். சர்க்கார் வைத்த கெடு கடைசிக் கெடு. நம் கெடு அதற்கு முந்தியதாக இருக்க வேண்டும்.

நான்கு: கையை முன்கூட்டியே கட்டிக்கொள்ளுங்கள். நம்மவர்கள் சீட்டுப் போடுவது எதற்காக? மாதம் 5,000 ரூபாயைத் தாமாகவே சேமிக்க முடியாதவரும், சீட்டுக்காரர் வந்து நின்றால் எப்படியோ கட்டிவிடுகிறார். 2006-ல் நவா அஷ்ரஃப், டீன் கார்லன், வெஸ்லி யின் ஆகியோர் பிலிப்பைன்ஸ் நாட்டு வங்கி ஒன்றில் நடத்திய ஆய்வை வெளியிட்டார்கள். குறித்த தேதி வரை அல்லது குறித்த தொகை சேரும் வரை எடுக்க முடியாத கணக்கு ஒன்றைச் சில வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்க முன்வந்தபோது, நாலில் ஒருவருக்கு மேல் தாமாகவே அதில் சேர்ந்தார்கள். ஓராண்டில் அந்தப் பிரிவினரின் சேமிப்பு மற்றவர்களைவிட வெகுவாக உயர்ந்திருந்தது.

வேலைக்கும் இப்படி ஒரு கட்டு வேண்டும். பக்கத்துக் கடை அண்ணாச்சியிடம், 'சனிக்கிழமைக்குள் தராசுக்கு முத்திரை வைத்துவிடுவேன், இல்லாவிட்டால் உங்க கடைப் பையன்களுக்கு டிபன் என் செலவு' என்று சொல்லிவிடுங்கள். எதிரே ஆள் நிற்காத வேலைக்கு நாமே ஓர் ஆளைக் கொண்டுவந்து நிறுத்துவது என்பது இதுதான்.

ஐந்து: தவறிய நாளுக்காக மனம் உடையாதீர்கள். கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், முதல் தேர்வுக்குப் படிப்பதைத் தள்ளிப்போட்டதற்காகத் தங்களையே மன்னித்துக்கொண்ட மாணவர்கள், அடுத்த தேர்வுக்கு அவ்வளவாகத் தள்ளிப்போடவில்லை என்று கண்டார்கள். தன்னையே திட்டிக்கொள்வது வேலையை இன்னும் கசப்பாக்கும், கசப்பானதை மனம் மறுபடி தள்ளும். ஒரு நாள் விற்பனை குறைந்தால் மறுநாள் கடையைத் திறக்காமல் இருக்கிறோமா? ஒரு நாள் தவறினால் மறுநாள் அதே நேரத்தில் தொடங்க வேண்டியதுதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்

ஒரு மளிகைக் கடையில் 60 பேர் கணக்கில் மொத்தம் 1,80,000 ரூபாய் பாக்கி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். இதில் ஐந்தில் ஒரு பங்கு வராமலே போனால் நஷ்டம் 36,000. நூற்றுக்கு 6 ரூபாய் லாபத்தில் அதை ஈடுகட்ட 6 லட்ச ரூபாய் விற்க வேண்டும். மலைப்பாகத்தான் இருக்கும். ஆனால் நாளைக்கு இரண்டு பேர், வாரம் ஆறு நாள் என்று பிரித்தால் வாரத்துக்கு 12 பேர். ஐந்தே வாரத்தில் 60 பேரையும் ஒரு முறை பார்த்துவிடலாம்.

முதலில் பழைய நோட்டிலிருந்து பெயர், தொகை, கடைசியாகச் சரக்கு எடுத்த நாள், கடைசியாகப் பணம் கொடுத்த நாள் ஆகிய நான்கையும் ஒரே தாளில் எழுதுங்கள். தொகை பெரிதாக இருப்பவரை முதலில் வைக்கத் தோன்றும். மூன்றாண்டுக் கெடு நெருங்குகிறவரே முதலில் வர வேண்டும். கேட்கும்போது முழுத் தொகையையும் கேட்டு அவரைத் திணறடிக்க வேண்டாம்.

"அண்ணே, நம்ம கணக்குல 4,200 நிக்குது. மொத்தமா வேண்டாம். இந்த வாரம் ஒரு ஐநூறு குடுங்க, மிச்சத்தை மாசா மாசம் பார்த்துக்கலாம். நோட்டுல ஒரு கையெழுத்து மட்டும் போட்டுருங்க."

இவ்வளவுதான் பேச்சு. கொடுப்பவருக்கும் மரியாதை கெடவில்லை, நமக்கும் பணம் நகரத் தொடங்கிவிட்டது, சட்டப்படிக் கெடுவும் புதுப்பிக்கப்பட்டது. செல்போன் மூலம் பணம் அனுப்பினாலும், அடுத்த முறை கடைக்கு வரும்போது நோட்டில் தேதியுடன் கையெழுத்து வாங்கிவிடுவது நல்லது. பெரிய தொகையாக இருந்தால் ஒரு வழக்கறிஞரைக் கலந்துகொள்ளுங்கள். அதையும் தள்ளிப்போடாதீர்கள்.

கடைக்கு வெளியே உள்ள வேலைகள்

கடை வேலைக்குக்கூடக் கெடு வைக்கச் சர்க்கார் இருக்கிறது. நம் சொந்த வேலைக்கு அதுவும் இல்லை. நாள் முழுவதும் கல்லாவில் உட்காருகிற நமக்குச் சர்க்கரை, இரத்த அழுத்தம் பற்றிய கவலை உண்டு, சோதனைக்குப் போகத்தான் நேரம் இல்லை. வெறும் வயிற்று இரத்தச் சோதனைக்குக் குறைந்தது 8 மணி நேரம் சாப்பிடாமல் இருக்க வேண்டும். இரவு ஒன்பது மணிக்குச் சாப்பிட்டுவிட்டு, காலையில் கடை திறக்கப் போகும் வழியில் இரத்தம் கொடுத்துவிட்டால் ஒரு மணி வியாபாரமும் கெடாது. எந்தக் கிழமை, எந்தப் பரிசோதனைக் கூடம் என்று இன்றே குறித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவே.

இன்னொன்று, வங்கிக் கணக்குக்கு நியமனதாரர் பெயர் கொடுப்பது. ஒருவர் பெயரிலேயே நடக்கும் கடையில், அவருக்கு ஒன்று நேர்ந்தால் குடும்பத்தார் பணத்தைப் பெற அலைய நேரிடும். 2025 நவம்பர் 1 முதல் ஒரு வைப்புக் கணக்குக்கு நான்கு பேர் வரை நியமிக்க இடம் உண்டு. அடுத்த முறை வங்கிக்குப் பணம் கட்டப் போகும்போது பத்து நிமிடத்தில் முடியும் வேலை இது.

தள்ளிப்போட வேண்டியவையும் உண்டு

எல்லாத் தாமதமும் குற்றமல்ல. ஆற அமரச் செய்ய வேண்டியதை அப்படியே செய்க என்று வினைசெயல்வகை அதிகாரத்தில் வள்ளுவரே சொல்கிறார். பிறர் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடுவது, விலை ஏறும் என்ற வதந்தியை நம்பிப் பெரும் சரக்கு எடுப்பது, கோபத்தில் வேலையாளை நிறுத்துவது ஆகியவற்றை ஓர் இரவாவது தள்ளிப்போடுங்கள். வேறுபாட்டைக் கண்டுகொள்வது எளிது. தள்ளிப்போட்டால் தெளிவு கூடுமானால் அது நிதானம். தள்ளிப்போட்டும் எதுவும் மாறாமல், செலவு மட்டும் கூடுமானால் அது தள்ளிப்போடும் பழக்கம்.

ஆகவே, வணிகப் பெருமக்கள் இந்த இதழை மடித்து வைக்கும் முன்பாக ஒரு துண்டுச் சீட்டை எடுத்து, நெடுநாளாகக் கிடக்கும் ஒரே ஒரு வேலையை எழுதுங்கள். அதன் கீழே அதன் முதல் சிறு கட்டு எது, எந்த நாள், எந்த நேரம், யாரிடம் சொல்லப்போகிறீர்கள் என்ற நான்கையும் குறித்துக் கல்லாவின் மேல் ஒட்டுங்கள். அந்த வேலை முடிந்த பிறகு அடுத்த சீட்டை எழுதலாம். ஒரு நேரத்தில் ஒரு சீட்டு போதும்.